தாய்ப்பலகையின் பயாஸைப் புதுப்பிக்கும் முறை

கணிப்பொறியின் பொத்தானை அழுத்தியவுடன் விண்டோசோ லினக்சோ எழுந்துவிடுவதில்லை. அவற்றிற்கு முன்னரே விழித்துக்கொள்ளும் சிறு நிரல் ஒன்று உண்டு. செயலி, நினைவகம், வட்டு முதலியவற்றை அடையாளங்கண்டு, இயங்கும் நிலைக்குக் கொணர்ந்து, அதன் பின்னரே பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைப்பது அதன் தொழில். அதனைப் பயாஸ் என்பர். இன்று யூஇஎஃப்ஐ என்னும் முறை அதன் இடத்தைப் பெற்றுவிட்டதாயினும், பழைய பெயரே வழக்கில் நிற்கிறது.

1981-இல் வெளிவந்த ஐபிஎம் பொறியில் இந்நிரல் மாற்ற இயலாத சில்லில் பொறிக்கப்பட்டிருந்தது. பின்னர் வந்த ஃபிளாஷ் சில்லில் அழித்து எழுதலாம். இவ்வசதியே ஆபத்துமாயிற்று. 1999 ஏப்ரல் 26 அன்று சிஐஎச் என்னும் வைரஸ் பல கணிப்பொறிகளின் பயாஸை அழித்து, அவற்றை எழவொட்டாமல் செய்தது. வைரஸ் செய்ததை, எழுதும் வேளையில் நேரும் மின்தடையும் செய்யும்.

அங்ஙனமாயின் புதுப்பிக்காமலே இருந்துவிடலாமோ எனின், அதுவும் ஆகாது. 2019 ஜூலையில் வந்த ரைசன் 3000 செயலிகள், பழைய பயாஸ் உடைய பி450 பலகைகளில் இயங்கவில்லை. பயாஸைப் புதுப்பித்த பின்னரே இயங்கின. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணிப்பொறிச் செயலிகள் சில, மிகையான மின்னழுத்தத்தால் பழுதுற்றன. அதற்கான திருத்தம் 2024 ஆகஸ்டு முதல் பயாஸ் வழியாகவே வந்தது. முன்னரே பழுதுற்ற செயலியை அத்திருத்தம் குணப்படுத்தாது. ஆதலின் காலந்தாழ்த்தியோர் செயலியையே இழக்க நேர்ந்தது. எனவே, புதிய பதிப்பு எதனைத் திருத்துகிறது என்று முதலில் படியுங்கள். நமக்குரிய காரணம் அதில் இருப்பின் தாமதிக்க வேண்டா. இல்லையேல் தொட வேண்டா.

இனிச் செய்முறையைக் காண்போம். பலகையின் மாதிரிப் பெயரையும் திருத்த எண்ணையும் எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் இரு திருத்தங்கள் இருக்கலாம்; ஒன்றன் கோப்பு மற்றொன்றுக்குப் பொருந்தாமற் போகலாம். கோப்பைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டுமே பெறுக. ஜிப்பாக இருப்பின் விரித்தெடுக்க வேண்டும். பென்டிரைவை எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்து கோப்பை அதில் இடுக. ஃபார்மட் செய்தால் பென்டிரைவில் உள்ளவை அழியும். ஆய்வேடு போன்றவற்றை முன்னரே வேறிடத்தில் படியெடுத்துக்கொள்க.

விண்டோசில் பிட்லாக்கர் பூட்டு இருப்பின் அதனைத் தற்காலிகமாக நிறுத்தி, மீட்புத் திறவெண்ணைத் தாளில் எழுதிவைக்க வேண்டும். இல்லையேல் வட்டு திறக்க மறுத்து அவ்வெண்ணைக் கேட்கலாம். பயாஸில் நாம் செய்த அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பக்கூடும், அவற்றையும் குறித்துக்கொள்க.

பின்னர்ப் பொறியை மீண்டும் தொடங்கி, டெலீட் அல்லது எஃப்2 விசையால் பயாஸில் நுழைந்து, புதுப்பிக்கும் கருவியைத் திறந்து, கோப்பைத் தேர்ந்தெடுங்கள். எழுதி முடியும்வரை பொத்தானையோ பென்டிரைவையோ தொடலாகாது. மேசைக் கணிப்பொறிக்கு யூபிஎஸ் இருத்தல் நலம். மடிக்கணினிக்கு நிறைந்த மின்கலமும் சார்ஜரும் வேண்டும். விடுதியில் மின்சாரம் அடிக்கடி தடைப்படும் மாலைவேளையைத் தவிர்த்துவிடுக. முடிந்தபின் முதன்முறை எழுவதற்குச் சற்று நேரமாகலாம். திரை இருண்டிருப்பது கண்டு பதறி அணைத்துவிடாதீர்கள்.

இடையில் தடைப்பட்டால்? சில பலகைகளின் பின்புறத்தில் ஃபிளாஷ்பேக் என்னும் பொத்தான் உண்டு. கையேடு கூறும் பெயரைக் கோப்புக்கு இட்டு, குறித்த யூஎஸ்பி துளையில் பென்டிரைவைச் செருகி அதனை அழுத்தினால், பலகை மீண்டும் எழுதிக்கொள்ளும். அவ்வசதி இல்லாத பலகையாயின், பழுதுபார்ப்பவர் தனிக் கருவிகொண்டு சில்லில் எழுத வேண்டியிருக்கும். நம் பலகை எவ்வகையது என்பதை, வேலையைத் தொடங்குமுன் கையேட்டில் பார்த்துக்கொள்வதே அறிவுடைமை.