ரிஸர்வ் காட்டு நிலங்களைச் சாகுபடிக்கு விடுதல்

துறையூர், மணப்பாறைப் பக்கத்துச் சங்கங்களின் கூட்டங்களில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்றுண்டு. மலையடிவாரத்தில் கல் நட்டு ரிஸர்வ் என்று ஒதுக்கியிருக்கும் நிலத்தைச் சர்க்கார் உழவுக்கு விடலாகாதா, விட்டால் சங்கம் அதன் பேரில் கடன் கொடுக்குமா என்பதே அது. இவ்விஷயத்தில் சர்க்காரின் கொள்கை எக்காலத்தும் ஒரே தன்மையாக இருந்ததன்று. ஆகவே அதை ஆதியிலிருந்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்னை ராஜதானியில் 1882-ம் வருஷத்திய காட்டுச் சட்டத்தின்படி, எல்லை குறித்து விளம்பரம் செய்து, குடிகளின் பாத்தியதைகளை விசாரித்துத் தீர்த்த பிறகே ஒரு காடு ரிஸர்வ் ஆகும். நமது ஜில்லாவில் பச்சைமலைச் சரிவுக் காடுகள் இவ்வகையைச் சேர்ந்தவை. ஸ்ரீரங்கத்தில் மேலூரையடுத்து, காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவேயுள்ள மேலணைக் காடும் அவ்வாறே. சுற்றிலும் வாழையும் நெல்லும் விளையும் இடத்தில் இக்காடு ஏன் சும்மா கிடக்கிறதென்று கேட்போர் உண்டு. அதில் 2015-ம் வருஷத்தில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா ஏற்படுத்தப்பட்டது, உழவுக்கு விடப்படவில்லை.

இந்திய சர்க்கார் 1894-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் வெளியிட்ட காட்டுக் கொள்கை பலரும் நினைப்பதற்கு மாறானது. சாகுபடி நிலத்துக்கு மெய்யான தேவை ஏற்பட்டு, காட்டைத் தவிர வேறிடத்தில் நிலம் கிடைக்காவிடில், தயங்காமல் காட்டை விட்டுக்கொடுக்கலாம் என்பது அதன் சாரம். ஆனால் நிபந்தனைகள் உண்டு. காட்டின் நடுவே அங்கொரு துண்டும் இங்கொரு துண்டுமாக விடலாகாது. சாகுபடி நிலையானதாயிருக்க வேண்டும். இரண்டு வருஷம் விதைத்துவிட்டு வேறிடம் போவதாயிருத்தல் கூடாது. மலைச்சரிவைக் காக்கும் காடுகளைத் தொடவே கூடாது. இந்நிபந்தனைகள் வெறும் உத்தியோகக் கண்டிப்பல்ல. சரிவிலுள்ள மரத்தையும் புதரையும் களைந்து உழுதால், முதற் கோடைமழையிலேயே மேல்மண் அடித்துக்கொண்டு போகும். அம்மண் கீழேயுள்ள ஏரியில் படிந்து கொள்ளளவைக் குறைக்கும். மேலே ஒருவர் பெறும் நாலு மூட்டைக்காகக் கீழே ஓர் ஆயக்கட்டே தண்ணீரிழப்பது என்ன கணக்கு?

அக்கொள்கைக்கு அடிப்படையாக இருந்தது, 1889-ல் இங்கிலாந்திலிருந்து வந்து தேசமெங்கும் விவசாயத்தைப் பரிசீலித்த ரஸாயன நிபுணர் டாக்டர் வோல்க்கரின் அறிக்கை. விறகு அகப்படாத ஊரில் சாணம் வறட்டியாகி அடுப்புக்குப் போய்விடுகிறது, வயலுக்கு எருவில்லை, ஆகவே ஊருக்கு அருகில் விறகுக்கும் தீவனத்துக்கும் காடு வளர்ப்பதே விவசாயத்துக்குச் செய்யும் உபகாரம் என்று அவர் விளக்கினார். பெரும்பாலான வீடுகளில் காஸ் அடுப்பு வந்துவிட்ட இந்நாளிலும் மேய்ச்சலுக்கும் தழையுரத்துக்கும் அந்த வாதம் செல்லும் என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாம் உலக யுத்தத்தில் பர்மா வீழ்ந்து அரிசி வரத்து நின்றது. 1942 முதல் அதிக உணவு உற்பத்தி இயக்கம் தொடங்கிற்று. திருவாங்கூர் சமஸ்தானத்தார் மலைக்காடுகளைச் சாகுபடிக்குக் குத்தகையாக விட்டார்கள். ஜனங்கள் திரளாக மலையேறினர். அம்மலைகளிலேயே, 1961-ல் இடுக்கி அணைத் திட்டத்தை முன்னிட்டு, அய்யப்பன்கோவிலில் குடியேறியிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டுக் குமுளிக்கருகே அமராவதியில் கொண்டுவிடப்பட்டனர். அவர்களுக்காக ஏ.கே. கோபாலன் உண்ணாவிரதமிருந்தார். உறுதியான தஸ்தாவேஜியின்றிக் காடு திருத்துபவன் தன் உழைப்பை எதன் மேல் இட்டிருக்கிறான் என்பதை இச்சம்பவம் காட்டும்.

சுதந்திரத்துக்குப் பின் 1952-ம் வருஷத்திய தேசியக் கொள்கை, நிலப்பரப்பில் மூன்றிலொரு பங்கு காடாயிருக்க வேண்டுமென்றது. எழுத்து இப்படியிருக்க, நடப்பு வேறாயிற்று. 1951-க்கும் 1980-க்கும் இடையே சுமார் 43 லட்சம் ஹெக்டேர் காடு வேறு உபயோகங்களுக்குப் போயிற்று; அதில் பாதிக்கு மேல் விவசாயத்துக்கு. ஆகவே 1980-ல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மத்திய சர்க்காரின் முன் அனுமதியின்றி எந்த ராஜ்ய சர்க்காரும் ரிஸர்வ் காட்டை விடுவிக்கவோ, வேறு காரியத்துக்குக் கொடுக்கவோ இயலாது. தேயிலை, காபி, பழத்தோட்டம் போட்டாலும் காடல்லாத காரியமென்றே கொள்ளப்படும். ஆகையால் மந்திரிக்கு மனுக்கொடுத்தால் ரிஸர்வில் பட்டா கிடைக்கும் என்று பணம் வசூலிக்கும் தரகர்களிடம் அங்கத்தினர்கள் ஒரு காசும் கொடுக்கலாகாது.

2006-ம் வருஷத்திய வன உரிமைச் சட்டம் தனி விஷயம். அது புதிதாகக் காடு வெட்ட அனுமதிப்பதன்று. முன்னரே அனுபவத்திலிருப்பதை அங்கீகரிப்பது. பச்சைமலையில் வண்ணாடு, கோம்பை, தென்பரநாடு ஆகிய நாடுகளில் வசிக்கும் மலையாளிகள் போன்ற பழங்குடியினர், 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து உழுதுவரும் காட்டு நிலத்துக்கு, 4 ஹெக்டேருக்கு மேற்படாமல் உரிமை கோரலாம். மற்றவர்களாயின், அத்தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், காட்டை அண்டி வாழ்ந்ததையும் ருஜுப்படுத்த வேண்டும். மனுவை முதலில் பெறுவது கிராம சபை. பின்னர் உபகோட்டக் குழு. முடிவு ஜில்லாக் குழுவிடம்.

இனிக் கடன் விஷயம். சில அங்கத்தினர்கள் பி மெமோ ரசீதைக் கொண்டுவந்து பட்டாவைப் போல் நீட்டுகிறார்கள். அது புறம்போக்கை ஆக்கிரமித்ததற்கு விதித்த தண்டத்தின் அத்தாட்சியேயன்றி உரிமைப் பத்திரமன்று. பஞ்சாயத்தார் கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள அ-பதிவேட்டில் சர்வே நெம்பரைப் பார்த்து, நிலம் புறம்போக்கா, ரிஸர்வா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். வன உரிமைப் பத்திரமோ வாரிசுக்குச் செல்லும். விற்கவோ மாற்றவோ முடியாது. ஆதலால் அதை அடமானமாக ஏற்பதில் சங்கத்துக்குப் பயனில்லை. அப்படிப்பட்ட அங்கத்தினருக்குப் பயிர்க் கடனை ஆள் ஜாமீனின் பேரில், அறுவடையைத் தவணையாக வைத்துக் கொடுப்பதே முறை. தம்பதிகளாயின் பத்திரம் இருவர் பேரிலும் இருக்குமாதலால், கடன் மனுவில் மனைவியின் கையொப்பத்தையும் வாங்கிக்கொள்வது நலம்.