இனாமாக வரும் மருந்து இளக்காரமா?



போன தடவை பிள்ளைக் காம்பராவில் பூச்சிக் குளிசை குடுத்த நாளில், ஒரு அம்மா பிள்ளைக்குரிய குளிசையை வாங்கி முந்தானையில் முடிந்து கொண்டார். "சும்மா குடுக்கிற மருந்துதானே ஐயா, இதுல என்ன இருக்கப் போகுது?" என்றார். அதற்குப் பதிலாக, ஆபிரிக்காவில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன்.

அங்கே வேகமாக ஓடும் ஆறுகளில் ஒரு வகைக் கறுப்பு ஈ பெருகுகிறது. அது திரும்பத் திரும்பக் கடித்தால் ஒரு புழு உடம்புக்குள் போய்விடும். தோல் தாங்க முடியாமல் அரிக்கும். கடைசியில் கண் பார்வையே போய்விடும். இதுதான் ஆற்றுக் குருட்டு நோய். இதற்குப் பயந்து, நல்லா விளையும் ஆற்றோர நிலங்களையே ஜனங்கள் விட்டுப் போனார்கள்.

இந்தப் புழுவுக்கு ஐவர்மெக்டின் என்ற மருந்தை அமெரிக்காவின் மேர்க் கம்பனி தயாரித்தது. நோயாளிகளிடமோ வாங்கக் காசில்லை. தேவையான அளவு, தேவையான காலம் வரை இனாமாகத் தருவதாக 1987 ஆம் ஆண்டு கம்பனி அறிவித்தது.

கம்பனி குடுத்தால் மட்டும் போதுமா? குளிசை கிராமத்துக்குப் போய்ச் சேர வேண்டுமே! அதற்காக அரசாங்கங்களும் உலக சுகாதார ஸ்தாபனமும் உலக வங்கியும் தொண்டு நிறுவனங்களும் கூட்டுச் சேர்ந்தன. கிராமத்தாரே தங்களுக்குள் ஒருவரைத் தெரிவு செய்தார்கள். அவர் ஒரு அளவுகோலால் உயரம் பார்த்து, ஒன்று முதல் நாலு குளிசை வரை குடுத்தார்.

ஒரு தடவையோடு இது முடியாது. இந்த மருந்து குஞ்சுப் புழுவைத்தான் கொல்லும். தாய்ப் புழு பத்து, பதினைந்து வருஷம் உயிரோடிருக்கும். ஆகவே நோய் தெரியாதவர்களும் வருஷா வருஷம் குடித்தார்கள். பலன் என்ன? 2013 இல் கொலம்பியாவும், 2025 இல் ஆபிரிக்காவிலேயே முதலாவதாக நைஜரும் இந்த நோயை ஒழித்த நாடுகளாக அங்கீகரிக்கப்பட்டன.

அந்த நோய் நம் நாட்டில் இல்லை. ஆனால் பாடம் நமக்கும் உரியது. ஒரு பிள்ளை பூச்சிக் குளிசை குடிக்காவிட்டால், பூச்சி முட்டை மலத்தோடு லயத்து மண்ணில் விழும்; பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் தொற்றும். இது என்ன மருந்து, திகதி முடிந்ததா என்று தாராளமாகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. கேட்டபின் முந்தானையில் முடியாதீர்கள்.

அன்றைக்கு அந்த அம்மாவும் முடிச்சை அவிழ்த்தார். பிள்ளை அங்கேயே மென்று விழுங்கியது.