அடுத்த பாட்டைச் சொல்லாதீர்கள்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் எட்டுப் பக்கக் கடிதம் கிடைத்தது. நியூ ஜெர்சியிலிருந்து எனக்கு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பனியைப் பற்றியும், முருங்கைக்கீரை கிடைக்கிற கடையைப் பற்றியும் எழுதுவார்கள். நீங்கள் எட்டுப் பக்கமும் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனைத் திட்டியே நிரப்பியிருக்கிறீர்கள். ஒருவர் மேல் அவ்வளவு பிரியம் இல்லாமல் அவ்வளவு நீளத்துக்குத் திட்ட முடியாது. அதனால்தான் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.

2023இல் ஆகஸ்ட் 30, செப்டம்பர் 1, செப்டம்பர் 3 என்று மூன்று இரவுகள் மெட்லைஃப் ஸ்டேடியத்தில் தன் குழுவான ஈ ஸ்ட்ரீட் பேண்டோடு அவர் பாடினார். முதல் இரவுக்கும் மூன்றாம் இரவுக்கும் போயிருக்கிறீர்கள். இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில பாட்டுகள் மாறின, மற்றபடி அதே வரிசை, அதே முடிவு என்கிறீர்கள். "இதற்கு ஒரே சினிமாவை இரண்டு தரம் பார்த்திருக்கலாமே" என்று கேட்டிருக்கிறீர்கள். இன்னும் கோபம் ஆறவில்லை போலிருக்கிறது.

உங்கள் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. இந்தச் செல்லத்தைக் கொடுத்துக் கெடுத்தவரே அவர்தான். 2000களின் கடைசியில் ரசிகர்கள் அட்டையில் பாட்டுப் பெயரை எழுதித் தூக்கிப் பிடிக்க ஆரம்பித்தார்கள். அவர் மேடை விளிம்புக்கு வந்து அட்டைகளை அள்ளிக்கொண்டு போவார். புரட்டிப் பார்த்து ஒன்றை உருவிக் குழுவிடம் காட்டுவார். அது அவருடைய பாட்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அறுபதுகளில் வேறு யாரோ பாடிய பாட்டாக இருக்கும். எந்த ஸ்கேல் என்று மேடையிலேயே பேசி முடிவுசெய்து, டிரம்ஸில் மேக்ஸ் வைன்பர்க் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருக்க, பாட்டு கிளம்பிவிடும். நம் சபாக்களில் வித்வானுக்குச் சீட்டு அனுப்புவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. என்ன, நம் வித்வான்கள் சிலர் சீட்டைப் படித்துவிட்டு, தலையாட்டிவிட்டு, மடித்து ஜிப்பாப் பையில் போட்டுக்கொள்வார்கள்.

2012 ஜூலை 31 அன்று ஹெல்சிங்கியில் அவர் 4 மணி 6 நிமிடம் பாடினார். அவருடைய கச்சேரிகளிலேயே நீளமானது அது. இப்படிப்பட்டவரைத்தான் ஊர் ஊராகப் பின்தொடர்ந்து ஒரே சுற்றில் பத்துப் பன்னிரண்டு கச்சேரி கேட்கிற கூட்டம் உருவானது. ஒவ்வொரு இரவும் வேறு மாதிரி இருக்கும் என்பதுதான் அந்தக் கூட்டத்துக்கு அவர் சொல்லாமல் கொடுத்த வாக்கு.

அப்புறம் சில வருடம் கழித்து, குழுவோடு சுற்றே போகாத ஆறு வருட இடைவெளி. 2023 பிப்ரவரி 1, ஃபுளோரிடாவின் டாம்பாவில் மறுபடி தொடங்கியபோது செட்லிஸ்ட் என்கிற பாட்டு வரிசை ஏறக்குறைய உறைந்துபோயிருந்தது. ஒரு வாரத்துக்குள் ரசிகர்கள் இரண்டு கட்சியாகிவிட்டார்கள். ஒரு கட்சி, 'வயசாகிவிட்டது, சோம்பேறித்தனம்' என்றது. மறு கட்சி, 'ஒரு தரம் போய்விட்டு வா, உன்னை யார் நாலு தரம் போகச் சொன்னது' என்றது. நீங்கள் முதல் கட்சி. என்னை இரண்டாம் கட்சி என்று நினைத்துத்தான் சண்டைக்கு இழுத்திருக்கிறீர்கள். அந்தக் கட்சியின் பேச்சும் எனக்குப் பிடிக்காது. பல தரம் போகிறவர்கள்தான் ஒரு பாடகரை ஐம்பது வருடம் தாங்கிப் பிடிக்கிறார்கள். அவர்களைப் பேராசைக்காரர்கள் மாதிரி பேசுவது நன்றியில்லாத்தனம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு கோபங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று பாட்டு வரிசை மேல். இன்னொன்று விலை மேல். 2022 ஜூலையில் டிக்கெட் விற்பனை தொடங்கியபோது, கேட்பவர்கள் கூடக் கூட விலையும் கூடுகிற முறையில் சில இருக்கைகளுக்கு 5,000 டாலர் வரை காட்டியது. வேலை போனவனையும் மூடிய ஆலையையும் பாடி வளர்ந்த மனிதரின் கச்சேரிக்கு அந்த விலை. 1980 முதல் அவருக்காகவே நடந்துவந்த 'பேக்ஸ்ட்ரீட்ஸ்' என்ற ரசிகர் பத்திரிகை, இதில் மனம் விட்டுப்போய், அந்தச் சுற்று தொடங்கிய பிப்ரவரியிலேயே கடையை மூடியது. 43 வருடம்! விலை பற்றி நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே என் கையெழுத்தையும் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கணக்கைப் பாட்டின் தலையில் எழுதாதீர்கள். சல்லிசாக டிக்கெட் கிடைத்திருந்தால் இதே வரிசையை நீங்கள் 'எவ்வளவு யோசித்துக் கட்டியிருக்கிறார்' என்று எழுதியிருப்பீர்கள் என்பது என் சந்தேகம்.

யோசித்துத்தான் கட்டியிருந்தார். நீங்கள் கேட்ட வரிசையையே கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள்.

பதினைந்து வயதில் அவர் சேர்ந்த முதல் உருப்படியான குழுவுக்கு 'காஸ்டில்ஸ்' என்று பெயர். மூன்று வருடம் ஓடியது. அதில் அவரைச் சேர்த்துக்கொண்ட ஜார்ஜ் தைஸ் 2018இல் இறந்துபோனார். அத்தோடு அந்தக் குழுவில் உயிரோடு மிஞ்சியவர் இவர் ஒருவர்தான். அந்த உணர்விலிருந்து வந்தது 2020இல் வெளியான 'லெட்டர் டு யூ' தொகுப்பும், அதில் உள்ள 'லாஸ்ட் மேன் ஸ்டாண்டிங்' பாட்டும். கச்சேரியின் நடுவே மற்றவர்களை ஓய்வாக விட்டு, அந்த நண்பரின் கதையைச் சொல்லி, அந்தப் பாட்டைப் பாடினார். மூச்சு விடாமல் அடுத்தது 1975ஆம் வருடத்துப் 'பேக்ஸ்ட்ரீட்ஸ்'. இளம் வயதுச் சினேகமும் துரோகமும் பற்றிய பாட்டாக நாற்பத்தெட்டு வருடம் நாம் கேட்டது, ஒரு சாவுக்குப் பின்னால் வைக்கப்பட்டதும் இறந்தவனுக்கான பாட்டாக மாறிவிட்டது. பாட்டில் ஒரு எழுத்தும் மாறவில்லை. இருந்த இடம் மாறியது. (அதே பெயர் கொண்ட பத்திரிகை மூடப்பட்ட அதே மாதத்தில் இது நடந்தது என்பதை எந்தக் கதாசிரியனும் துணிந்து எழுதமாட்டான்.)

பிறகு அரங்க விளக்குகளைப் போட்டுவிட்டு எல்லாரும் சேர்ந்து கத்துகிற பாட்டுகள். அந்தக் கும்மாளத்தின் உச்சியில் 'டென்த் அவென்யூ ஃப்ரீஸ் அவுட்'. அப்போது திரையில் குழுவின் பழைய ஆட்களான, 2008இல் போன டேனி ஃபெடரிசியும் 2011இல் போன கிளாரன்ஸ் கிளெமன்ஸும் வந்து நிற்பார்கள். கடைசியில் குழு முழுக்க இறங்கிப் போனபின், ஒற்றை கிடாரோடு அவர் மட்டும் நின்று, செத்தவர்களைக் கனவில் பார்க்கிற பாட்டு ஒன்று.

இதில் எதை உருவிவிட்டு உங்கள் அட்டைப் பாட்டைச் செருகச் சொல்கிறீர்கள்? ஒப்பாரி வைத்துக்கொண்டிருப்பவரிடம் நேயர் விருப்பம் கேட்க முடியுமா?

என் கட்சி இதுதான். வரிசை மாறுகிறதா, மாறவில்லையா என்பது எனக்குப் பொருட்டில்லை. இந்தப் பாட்டு ஏன் இதற்கு அடுத்து வந்தது என்று கேட்டால் மேடையில் இருப்பவரிடம் பதில் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். பதில் இல்லாதபோதுதான் அது சோம்பேறித்தனம். 2024இல் அவரே வரிசையைத் தளர்த்திவிட்டார். பாட்டுகள் இரவுக்கிரவு மாறின. உங்கள் கட்சி அதை வெற்றி என்று கொண்டாடியது. சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிட்டார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

கிரேட்ஃபுல் டெட் குழுவை உதாரணம் காட்டியிருக்கிறீர்கள். நல்ல உதாரணம்தான். 1965 முதல் 1995 வரை சுமார் 2,300 கச்சேரிகள், என்ன வாசிக்கப்போகிறோம் என்று பெரும்பாலும் மேடையில்தான் முடிவாகும். ரசிகர்கள் மைக் நட்டு ஒலிப்பதிவு செய்துகொள்ள 1984 முதல் அரங்கில் தனி இடமே ஒதுக்கினார்கள். ஆனால் அங்கேயும் எழுபதுகளின் கடைசியிலிருந்து இரண்டாம் பாதியின் நடுவில் நீண்ட டிரம்ஸ் வாசிப்பு, அதன்பின் உருவமில்லாத ஒரு ஒலி மிதப்பு என்பது கிட்டத்தட்ட ஒவ்வொரு இரவும் தவறாமல் வந்தது. கழிப்பறைக்குப் போக உகந்த நேரம் அதுதான் என்று அவர்களுடைய ரசிகர்களே கேலி பேசுவார்கள். உலகத்திலேயே கணிக்க முடியாத குழு என்று பெயரெடுத்தவர்களின் கச்சேரியிலும் கடிகாரம் பார்த்துக் காலாற நடக்க ஒரு நேரம் இருந்தது!

அவர்கள் வழியில் வந்த ஃபிஷ் குழு 2017இல் நியூ யார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 13 இரவுகள், 237 பாட்டுகள், ஒன்றைக்கூடத் திருப்பாமல் பாடி முடித்தது. மலைப்பான காரியம். ஆனால் ஒரே ஒரு இரவுக்கு மட்டும் காசு சேர்த்தவனை நினைத்துப் பாருங்கள். அவனுக்கு உயிரான பாட்டு வேறு ஒரு செவ்வாய்க்கிழமையில் போய் மாட்டிக்கொண்டிருக்கும். வரிசை மாறுவது பலமுறை வருகிறவருக்கு வரம். அதன் செலவில் ஒரு பகுதியை ஒருமுறை வருகிறவர்தான் கட்டுகிறார்.

பாப் டிலனோ இன்னொரு ரகம். 2021இல் தொடங்கிய சுற்றில் ஏறக்குறைய ஒரே பட்டியலை வருடக்கணக்கில் வைத்திருந்தார். பழைய பாட்டுகளின் மெட்டைக் கழற்றி வேறு மாட்டிவிடுவதில் அவர் கை தேர்ந்தவர். எந்தப் பாட்டு என்று பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலை வரும். காகிதத்தில் மாற்றமே இல்லை, காதில் எல்லாமே மாற்றம். காகிதத்தை வைத்துக் கச்சேரியை எடை போடுகிறவர்களை அவர் ஒருவரே போதும், திணற அடிக்க.

நீங்கள் சொன்னதில் எனக்குப் பாதி சம்மதமான ஒன்றும் உண்டு. பாட்டு வரிசை கிடக்கட்டும், இடையில் பேசுகிற பேச்சுமா அச்சு மாறாமல் இருக்க வேண்டும் என்கிறீர்கள். நண்பரின் சாவைச் சொல்லும்போது முதல் இரவு குரல் தழுதழுத்த அதே இடத்தில் மூன்றாம் இரவும் நிறுத்தினார், 'நடிப்பு' என்று தோன்றிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். புரிகிறது. எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வருடா வருடம் ஒரு மெல்லிசைக் குழு வரும். கீபோர்டு வாசிப்பவரை அறிமுகம் செய்யும்போது, "விரல் மட்டும்தான் இவருடையது, கீபோர்டு வாடகை" என்று ஒரு ஜோக். ஆறு வருடம் அதே ஜோக், அதே பாட்டுக்கு முன்னால். நான் நாலாவது வருடத்திலிருந்து அந்த இடம் வரும்போது எழுந்து கடலை வாங்கப் போய்விடுவேன். ஆனால் என் அம்மா ஆறு வருடமும் சிரித்தாள். ஏழாவது வருடம் அந்தக் குழுவை மாற்றிவிட்டார்கள். அம்மா அந்த ஜோக்கைச் சொல்லியே அங்கலாய்த்தாள்.

இரண்டு தரம் பார்த்த உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஸ்பிரிங்ஸ்டீன் இந்தியாவில் பாடியது ஒரே முறை. 1988 செப்டம்பர் 30, தில்லி நேரு ஸ்டேடியம், மனித உரிமைகளுக்காக நடந்த உலகச் சுற்றில் ஸ்டிங், பீட்டர் கேப்ரியல், டிரேசி சாப்மன், யூஸு என்டூரோடு. நான் அப்போது திருச்சியில் கல்லூரி மாணவன். 'பார்ன் இன் த யு.எஸ்.ஏ.' கேசட்டைத் தேய்த்து முடித்திருந்தேன். போக ரயில் கட்டணம் இல்லை. இருந்திருந்தாலும் வீட்டில் விட்டிருக்கமாட்டார்கள். அந்தச் சுற்றில் முந்தின ஊரில் என்ன பாடினார், தில்லியில் அதையே பாடினாரா என்று எனக்கு இன்றுவரை தேடத் தோன்றியதில்லை.

இனி உங்கள் ஏழாம் பக்கத்துக்கு வருகிறேன். மூன்றாம் இரவு உங்கள் பக்கத்தில் ஒரு வயதான அமெரிக்க அம்மாள் தனியாக வந்து உட்கார்ந்திருந்தார். நீங்கள் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் அடுத்தது இதுதான் என்று உங்கள் நண்பரிடம் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். ஐந்தாறு பாட்டு பொறுத்துப் பார்த்துவிட்டு, அவர் உங்கள் பக்கம் திரும்பி, தயவுசெய்து அடுத்த பாட்டைச் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். இதை நீங்கள் வேடிக்கையாக எழுதிவிட்டு, 'அவ்வளவு சுலபமாகக் கணிக்க முடிந்தது பாருங்கள்' என்று உங்கள் வாதத்துக்குச் சாட்சியாக வைத்திருக்கிறீர்கள்.

அந்த இரவுக்கு மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 6ஆம் தேதி, வயிற்றுப் புண்ணுக்குச் சிகிச்சை என்று சொல்லி அந்த மாதக் கச்சேரிகளைத் தள்ளிவைத்தார்கள். பிறகு அந்த வருடத்தின் மிச்சக் கச்சேரிகளும் தள்ளிப் போயின. அவருக்கு அப்போது 73 வயது. ஈ ஸ்ட்ரீட் பேண்டோடு 2023இல் அவர் பாடிய கடைசி இரவில்தான் நீங்களும் அந்த அம்மாளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கிறீர்கள். மேடையில் பாடிக்கொண்டிருந்தவர் எவ்வளவு வலியோடு பாடினாரோ, உங்கள் எட்டுப் பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தால் அது கண்ணில் படாது.

அந்த அம்மாள் எந்தப் பாட்டுக்கு எழுந்து நின்றார்? உங்களுக்கு நினைவிருந்தால் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். ஒரு பக்கம் போதும்.

அன்புடன்,
உங்கள் நண்பன்