புது ஏர்கோன்: யாரை வைத்துச் சோதிப்பது?

குளுவாங் மாவட்டத்தின் சிறு பட்டணமான லாயாங் லாயாங்கைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்கள். ஏர்கோன் மாட்ட ஆள் பெரும்பாலும் குளுவாங்கிலிருந்தோ கூலாயிலிருந்தோதான் வரவேண்டும். காசை வாங்கிக்கொண்டு கிளம்பியவரைத் திரும்ப வரவழைப்பது லேசான காரியமல்ல. ஆகவே சோதனையை அன்றைக்கே, பணம் கொடுக்கும் முன்பே முடித்துவிட வேண்டும். அதற்கு மூன்று வழிகள் உண்டு.

வழி 1: மாட்டுகிறவரையே சோதிக்கச் சொல்வது

தனிச் செலவில்லை, கருவிகளும் அவரிடமே இருக்கும். ஆனால் ஸ்பிளிட் ஏர்கோனின் ஆயுள் வாக்கியூம் வேலையைப் பொறுத்தது. செம்புக் குழாய்களை இணைத்ததும் உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். ஈரம் தங்கிவிட்டால் அது கம்ப்ரசர் எண்ணெயைக் கெடுத்து அமிலமாக்கும். முதல் வாரம் குளிர் நன்றாகவே வரும். கம்ப்ரசர் பிற்பாடுதான் பழுதாகும். நேரத்தை மிச்சம் பிடிக்கச் சிலர் பம்ப் போடாமல், கேஸைச் சற்றுத் திறந்து காற்றை வெளியே தள்ளிவிடுவார்கள். இப்போது பரவலாக வரும் ஆர்-32 கேஸ் தீப்பிடிக்கக்கூடியது என்பதால் அது ஆபத்தும்கூட. தன் வேலையில் தானே குறை சொல்ல யாருக்கும் மனம் வராது என்பதே இந்த வழியின் பலவீனம்.

வழி 2: நீங்களே பக்கத்தில் நின்று பார்ப்பது

இதற்கும் செலவில்லை, அரை நாள் வீட்டில் இருந்தால் போதும். பார்க்க வேண்டியவை:

- பம்பை நிறுத்தி வால்வை மூடிய பிறகு, 10 நிமிடமாவது கேஜ் முள் ஏறாமல் நிற்க வேண்டும். ஏறினால் எங்கோ கசிவு அல்லது ஈரம் இருக்கிறது.
- குழாய் இணைப்புகளில் சோப்பு நுரை தடவினால் குமிழி வரக்கூடாது.
- உட்புற யூனிட்டின் தட்டில் ஒரு போத்தல் தண்ணீர் ஊற்றினால் அது தேங்காமல் வெளியே ஓட வேண்டும்.
- 15 நிமிடம் ஓடவிட்டு, உள்ளே போகும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் தெர்மாமீட்டரால் அளக்க வேண்டும். சுமார் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் நல்லது.
- புது யூனிட்டில் கேஸ் நிரப்பியே வருகிறது. குழாய் நீளம் கையேட்டில் சொன்ன அளவுக்குள் இருந்தும் ‘கேஸ் போடணும்’ என்று காசு கேட்டால் காரணம் கேளுங்கள்.

மின் இணைப்பை மட்டும் நீங்கள் தொடக்கூடாது. அது எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகாவில் பதிந்த வயர்மேன் செய்ய வேண்டிய வேலை.

வழி 3: வெளியாள் ஒருவரை அமர்த்துவது

செலவு உண்டு, நல்ல ஆளைத் தேடிப் பிடிக்கவும் வேண்டும். ஆனால் மாட்டியவருக்கும் அவருக்கும் சம்பந்தமில்லாததால் தயங்காமல் குறை சொல்வார். கடை, கோயில் மண்டபம், டியூஷன் சென்டர் போன்ற இடங்களுக்கு இதுவே ஏற்றது. காரணம் காற்றோட்டம். சாதாரண ஸ்பிளிட் ஏர்கோன் அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றவிடும், வெளிக்காற்றைக் கொண்டுவராது. பலர் கூடும் இடத்தில் எக்ஸாஸ்ட் ஃபேன் போதுமானதா, காற்று வந்துசேர வழி இருக்கிறதா என்று கணக்குப் பார்க்கத் தெரிந்தவர் வேண்டும். வருகிறவரிடம் கேஸைக் கையாளச் சுற்றுச்சூழல் துறை அங்கீகரித்த பயிற்சிச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். வேலை முடிந்த பிறகு அழைக்காதீர்கள். கேஸ் திறந்துவிட்டால் வாக்கியூம் போட்டார்களா என்பதை அவராலும் சொல்ல முடியாது.

எதைத் தேர்வது?

வீட்டில் ஒன்றிரண்டு யூனிட் என்றால் முதல் இரண்டு வழிகளும் சேர்ந்தாலே போதும்: அவர் சோதிக்கட்டும், நீங்கள் நின்று பாருங்கள். பழைய வீட்டில் புது வயர் இழுக்க வேண்டியிருந்தால் வயர்மேன் கட்டாயம். பலர் கூடும் இடம் என்றால் மூன்றாவது வழிக்குச் செலவழிக்கத் தயங்க வேண்டாம்.

எந்த வழியானாலும், வாக்கியூம் போட்டுக் காட்டிய பிறகே மீதிப் பணம் என்று முன்பே பேசிவிடுங்கள். கேஜ் முள்ளைக் கைப்பேசியில் படமெடுங்கள், ரசீதில் சோதனை விவரத்தை எழுதி வாங்குங்கள். பிற்பாடு தகராறு வந்தால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி, வழக்கறிஞர் இல்லாமலே 50,000 ரிங்கிட் வரை இழப்பீடு கேட்கலாம். அங்கே உங்களுக்காகப் பேசப்போவது அந்தப் படமும் ரசீதும்தான்.