ஊர்ப் பணத்தில் ஒரு வேன்

கேள்வி: மனநெருக்கடியில் தவிப்பவர்களுக்கான அவசர உதவியை ஓர் ஊரே பணம் திரட்டி விரிவாக்க முடியுமா?

பதில்: அமெரிக்காவின் டென்வர் நகரம் செய்து காட்டியிருக்கிறது. 2018 நவம்பரில் அந்நகர மக்கள் வாக்களித்துத் தங்களுக்குத் தாங்களே ஒரு வரி விதித்துக்கொண்டார்கள். 100 டாலருக்குப் பொருள் வாங்கினால் 25 சென்ட், மனநலத்துக்கும் போதை மீட்புக்கும் போகும். ஏறத்தாழ 70 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். பணத்தைப் பகிர்ந்தளிக்கத் தனி அறக்கட்டளையும் அமைந்தது.

அதன் நிதியுதவியோடு 2020 ஜூனில் 'ஸ்டார்' வேன் தெருவுக்கு வந்தது. 911 அவசர எண்ணுக்கு வரும் அழைப்புகளில் ஆயுதமோ வன்முறையோ இல்லாதவற்றுக்குப் போலீசுக்குப் பதிலாக ஒரு மனநல ஆலோசகரும் ஒரு மருத்துவ உதவியாளரும் போகிறார்கள். முதல் ஆறு மாதங்களில் 748 அழைப்புகள்; ஒரு கைதுகூட இல்லை. நடுத்தெருவில் நிலைகுலைந்து நிற்பவரிடம் விலங்கோடு போகாமல் பரிவோடு போவது எவ்வளவு பெரிய மாற்றம்!

ஆனால் பணம் நிற்காமல் வர வேண்டும்.

இந்த முறைக்கு முன்னோடி, ஓரிகன் மாநிலத்தின் யூஜீன் நகரில் 1989-இல் தொடங்கிய 'கஹூட்ஸ்'. இத்தனை அனுபவம் இருந்தும், நிதி நெருக்கடியால் 2025 ஏப்ரலில் அந்நகரில் அது நின்றுபோனது. இத்தகைய சேவையில் பெரும் செலவு ஆட்களின் சம்பளம்தான். ஒருமுறை வசூலித்துத் தரும் நன்கொடை சில மாதங்களில் கரைந்துவிடும். ஆகவே ஊர்ச் சங்கமோ பழைய மாணவர் அமைப்போ உதவ முன்வந்தால், கட்டடத்துக்குக் கொடுப்பதைவிட ஓர் ஆலோசகரின் மூன்றாண்டுச் சம்பளத்தை ஏற்றுக்கொள்வது நல்லது.