குளக்கட்டில் கற்கும் மூன்று பாடங்கள்
(ஐந்தாறு குடும்பங்கள் கூடிப் படித்துக் கலந்துரையாடுவதற்காக)



அக்கராயன் குளக்கட்டில் மாலை வேளையில் நின்று பார்த்தால் ஒருபுறம் தண்ணீரும் மறுபுறம் வயலும் தெரியும். நடுவே நிற்பது மண். அந்த மண்ணை நம்பியே காலபோகமும் சிறுபோகமும் நடக்கின்றன.

இந்தக் கட்டைச் சுற்றி நடந்த இடப்பெயர்வுகளை நீங்கள் அறிவீர்கள். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து புறப்பட்டவர்களில் பெருந்தொகையினர் கிளாலிக் கடலேரியைக் கடந்து வன்னிக்கு வந்தனர். 1996இல் கிளிநொச்சி நகரம் வெறுமையானபோது அதன் வைத்தியசாலையும் அக்கராயனுக்கு வந்து இயங்கியது. அன்று இடங்கொடுத்த அக்கராயன் மக்களே 2008இல் வீடுவாசலை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. ஆகவே, இந்த மண்ணில் வந்தவர் என்றும் வரவேற்றவர் என்றும் நிரந்தரமாக இரண்டு பகுதியினர் இல்லை. எல்லோரும் ஒருநாள் பிறர் வாசலில் நின்றவர்களே. இந்த நினைவோடு மூன்று பாடங்களைப் படிப்போம்.

பாடம் 1: தாழ்மை
வாசிக்க: பிலிப்பியர் 2:1–11

குளத்தின் துருசு எங்கே இருக்கிறது? கட்டின் அடியில். உயரத்தில் வைத்தால் குளம் நிறைந்திருக்கும்போது மட்டுமே தண்ணீர் வரும். அடியில் இருப்பதால்தான் தண்ணீர் வற்றும் காலத்திலும் அது வயலுக்குப் பயன்படுகிறது. தாழ்ந்த இடத்தில் இருப்பது இழிவல்ல என்பதை இதிலிருந்து அறியலாம்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகப் பிரித்தறிய வேண்டும். நிவாரண அட்டையோடு வெய்யிலில் மணிக்கணக்காக நின்றோமே, முட்கம்பிக்குள் பெயர் கூப்பிடும்வரை காத்திருந்தோமே, அது தாழ்மையல்ல. அது நம்மீது சுமத்தப்பட்ட அவமானம். அவமானத்தை மற்றவர்கள் நம்மீது சுமத்துகிறார்கள். தாழ்மையை நாமே மனமுவந்து தேர்ந்துகொள்கிறோம். கிறிஸ்து தம் நிலையைப் பற்றிக்கொண்டிராமல் அடிமையின் கோலம் எடுத்ததாகப் பவுல் அடிகளார் எழுதுவது இந்தத் தேர்வைப் பற்றித்தான். ஆகவே உரிமையைக் கேட்பது தாழ்மைக்கு எதிரானதல்ல. உன் காணியை நீ கேட்கலாம். அயலவனின் வரம்பை வெட்டுவதுதான் தாழ்மைக்கு எதிரானது.

நம் நாட்டில் இதை வாழ்ந்து காட்டியவர் புனித யோசேவாஸ் அடிகளார். அவர் 1651இல் கோவாவில், உயர்குலம் எனப்பட்ட ஒரு குடும்பத்தில் பிறந்தவர். அக்காலத்தில் ஒல்லாந்தர் இலங்கையின் கரையோரங்களை ஆண்டனர். கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை இருந்தது. 1687இல் அவர் கூலியாளின் உடையில் கடல் கடந்து வந்து, யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகப் பிச்சை கேட்டு நடந்தார். கழுத்திலே செபமாலை. அதைக் கண்டு யார் முகம் மலர்கிறது என்று பார்த்தே மறைந்து வாழ்ந்த விசுவாசிகளை இனங்கண்டார். தமிழும் சிங்களமும் கற்றார். பின்னாளில் ஆயர் பதவி தேடிவந்தபோதும் மறுத்து, சாதாரண குருவாகவே இருந்தார்.

நாமும் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்தில் கிணறு திருத்தும் வேலைக்காகக் கூட்டம் வைத்தோம். எந்தக் கிணறு என்று நாமே தீர்மானித்து, முக்கால் மணித்தியாலம் விளக்கமும் கொடுத்தோம். முடிவில் ஒரு வயதான அம்மா எழுந்தார். “சுவாமி, நீங்கள் சொல்லுற கிணறு பங்குனியோட உவர்த்துப் போயிடும். எங்களை முதலே கேட்டிருந்தால் சொல்லியிருப்பம்” என்றார். அன்று முதல் கூட்டங்களில் கடைசியாகப் பேசப் பழகி வருகிறோம். இன்னும் முழுதாகப் பழகவில்லை.

பாடம் 2: ஒற்றுமை
வாசிக்க: திருத்தூதர் பணிகள் 6:1–7

தொடக்கத் திருச்சபையில் எழுந்த சச்சரவு ஒன்று எதைப் பற்றியது தெரியுமா? நிவாரணப் பங்கீட்டைப் பற்றியது! எருசலேமில் நெடுநாள் இருந்தவர்களின் விதவைகளுக்கு ஒழுங்காகக் கிடைத்தது. கிரேக்க மொழி பேசியோரின் விதவைகள் கவனிக்கப்படவில்லை. திருத்தூதர்கள் முறைப்பாட்டை அடக்கவில்லை. “ஒற்றுமையைக் குலைக்காதீர்கள்” என்று கண்டிக்கவும் இல்லை. எழுவரைத் தெரிவுசெய்யச் சொன்னார்கள். அந்த எழுவரின் பெயர்களையும் பாருங்கள். எல்லாம் கிரேக்கப் பெயர்கள். யார் குறை சொன்னார்களோ அவர்கள் பக்கத்தவரின் கையிலேயே பங்கீடு ஒப்படைக்கப்பட்டதாகத் தெரிகிறது.

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பார்ப்போம். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் கலவரங்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்கள் பல. காடு வெட்டியவர்களும் வயலில் கூலிக்கு நின்றவர்களும் அவர்களே. ஆயினும் அவர்களுட் பலருக்கு நெடுங்காலம் காணி உறுதி இல்லை, பாசன வயலும் இல்லை. “வந்தான் வரத்தான்” என்ற சொல் இன்னும் நம் வாயில் வருகிறதா? வந்தால், அந்தச் சொல் 1995இல் நம்மை நோக்கியும் சொல்லப்பட்டதை நினைத்துப் பார்ப்போம்.

ஒற்றுமைக்கு நல்ல முறை நம் வயலிலேயே இருக்கிறது. சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் எல்லா வயலுக்கும் போதாது. அப்போது கூட்டம் கூடி, இருக்கும் தண்ணீருக்கு ஏற்ற ஏக்கரைக் கணக்கிட்டு, அந்த ஏக்கரைப் பங்கு போடுகிறோம். தன் வயல் தரிசாகக் கிடப்பவனும் வேறொருவர் வயலில் ஒரு பங்கு விதைக்கிறான். குறைவையும் சேர்ந்தே தாங்கும் இந்த முறை கிறிஸ்தவ ஒற்றுமைக்கு மிக அருகில் நிற்கிறது. இந்தப் பங்கு முறையைக் குலைப்பது எது? இரவில் வாய்க்காலை வெட்டித் தண்ணீரைத் திருப்பும் ஒரு மண்வெட்டி. கடைக்காணிக்காரனின் பயிர் கருகும்போது கருகுவது அவனுடைய நெல் மட்டுமல்ல. அடுத்த கூட்டத்தில் நாம் சொல்லும் வார்த்தையின் மதிப்பும் கருகுகிறது.

இரணைமடுவின் பெயரையும் சிந்தியுங்கள். இரணை என்றால் இரட்டை. இரு மடுக்கள் ஒரே கட்டினால் ஒரு குளமானதால் வந்த பெயர் என்பர் பெரியோர். ஒன்றானபின்தான் அது ஒரு மாவட்டத்துக்குச் சோறு போடும் குளமாயிற்று.

பாடம் 3: நிலைத்திருத்தல்
வாசிக்க: எரேமியா 32:6–15

எருசலேமைப் பாபிலோனியர் முற்றுகையிட்டிருந்தனர். எரேமியா காவலில் இருந்தார். அந்த நேரத்தில் உறவினன் ஒருவன் வந்து, அனத்தோத்தூரில் உள்ள காணியை வாங்கும்படி கேட்கிறான். புத்தியுள்ளவன் வாங்குவானா? எரேமியா பதினேழு வெள்ளிச் செக்கேலை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகள் முன் உறுதி எழுதி, அதை நெடுநாள் கெடாதிருக்க மண்பாண்டத்தில் வைக்கச் செய்தார். இந்த நாட்டில் மீண்டும் வீடும் வயலும் திராட்சைத் தோட்டமும் வாங்கப்படும் என்பதே அதன் பொருள்.

காணி உறுதியைப் பொலித்தீனில் சுற்றி, பதுங்குகுழிக்கும் தறப்பாள் கொட்டிலுக்கும் கொண்டுபோன தாய்மாரே, இந்த வாசகம் உங்களுக்கு விளக்கம் இல்லாமலே விளங்கும்.

நிலைத்திருத்தல் என்றால் வாய்மூடிப் பொறுத்துக்கொண்டிருப்பது அல்ல. அடுத்த விதைப்புக்கு ஆயத்தம் செய்வது. யோசேவாஸ் அடிகளார் பல ஆண்டுகள் தனியொரு குருவாக நாடெங்கும் நடந்தார். 1692இல் கண்டியில் ஒற்றன் என்று சந்தேகிக்கப்பட்டுச் சிறைவைக்கப்பட்டார். 1697இல் அம்மை நோய் பரவி மக்கள் அஞ்சி ஓடியபோது, தம்மைச் சந்தேகித்த அதே நகரில் நோயாளரைத் தம் கையால் பராமரித்தார். 1711இல் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரி 14ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்துவிட்டு, அன்றே மடுவுக்கும் வந்தார்.

மடுத் திருத்தலமும் இடம்பெயர்ந்தவர்களால் உண்டானது. 1670இல் மாந்தையிலிருந்து தப்பிய குடும்பங்கள் அன்னையின் திருச்சுருவத்தைக் காட்டுக்குள் கொண்டுவந்தன என்பது மரபு. 2008 ஏப்பிரலில் அதே சுருவம் மீண்டும் இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போயிற்று. சில மாதங்களில் திரும்பிற்று. அன்னையும் நம்மோடு அகதியாக நடந்திருக்கிறாள்.

கலந்துரையாட

1. நமக்கு நேர்ந்த அவமானம் எது? நாமாகத் தேர்ந்துகொண்ட தாழ்மை எது?
2. நம் கமக்காரர் அமைப்பில் யாருடைய குரல் கேட்கப்படுவதில்லை? காணி இல்லாதவரா, பெண்களா, கடைக்காணிக்காரரா?
3. கடந்த சிறுபோகத்தில் பங்கு ஒழுங்காகக் கிடைக்காதவர் யார்? அவரிடம் கேட்டோமா?

செய்ய

இந்த மாதம் பேச்சுவார்த்தை நின்றுபோன ஓர் அயல்வீட்டுக்கு முதலில் நாமே போவோம். அடுத்த காலபோகத்துக்குமுன் கடைக்காணிப் பகுதியிலிருந்து தொடங்கி வாய்க்காலைச் சிரமதானமாகத் துப்புரவு செய்வோம். ஒவ்வொரு வீடும் ஒரு கொத்து விதைநெல்லை, அழிவு கண்ட ஒரு குடும்பத்துக்காக ஒதுக்கி வைப்போம்.

கட்டில் ஒரு நண்டுத்துளை போதும், குளம் உடைய. அதைக் கண்டவன் “என் வயல் இந்தப் பக்கம் இல்லை” என்று போய்விடாமல், குனிந்து ஒரு பிடி மண்ணால் அடைத்தானென்றால், மூன்று பாடங்களையும் அவன் கற்றுவிட்டான்.