தயிரின் புளிப்பை அளக்கும் நொதி மின்முனை

இரண்டு மூன்று மாடுகள் வைத்திருப்போர் பலர் பாலைத் தயிராக்கியும் விற்கின்றனர். கோடையில், காலையில் பதமாக இருந்த தயிர் நண்பகலுக்குள் புளித்துக் கடையிலிருந்து திரும்பிவிடுவதுண்டு. நஷ்டம் உற்பத்தியாளருக்கே. புளிப்பின் அளவு தெரிந்தால் எப்போது குளிர்விப்பது என்று முடிவு செய்யலாம்.

உறைமோரிலுள்ள பாக்டீரியாக்கள் பால் சர்க்கரையான லாக்டோஸை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. வழக்கமான சோதனையில் 9 கிராம் தயிரை நீரில் கலக்கி, பினால்ப்தலீன் சில சொட்டு விட்டு, பத்தில் ஒரு நார்மல் காஸ்டிக் சோடா கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பர். இளஞ்சிவப்பு நிறம் நிலைக்கச் செலவாகும் ஒவ்வொரு மில்லிக்கும் 0.1 சதவீத அமிலம் என்பது கணக்கு.

இதில் ஒரு குறை உண்டு. அப்போது கறந்த பாலிலேயே கேசீன் புரதமும் பாஸ்பேட்டும் சேர்ந்து சுமார் 0.14 சதவீதம் காட்டும். மாறாக, புளித்த பாலில் ஆப்ப சோடா கலந்தால் அளவு இறங்கி, நல்ல பால் போலத் தோன்றும்.

நொதி மின்முனை லாக்டேட்டை மட்டுமே தேடுகிறது. பிளாட்டினம் மின்முனையின் மேல் லாக்டேட் ஆக்சிடேஸ் என்னும் நொதியைப் பதித்திருப்பார்கள். கரைத்த தயிர் பட்டதும் நொதி லாக்டேட்டைப் பைருவேட்டாக மாற்றுகிறது. கூடவே ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. அது மின்முனையில் சிதையும்போது எழும் மின்னோட்டமே அளவு. சோடா போட்டாலும் லாக்டேட் உப்பாக அங்கேயேதான் இருக்கும். ஆகவே கலப்படத்தை இதனிடம் மறைப்பது கடினம்.

1962இல் அமெரிக்காவில் கிளார்க், லயன்ஸ் இருவரும் இவ்வகை மின்முனைக்கு வழிகாட்டினர். இன்றைய சர்க்கரை நோய் மீட்டரும் இதே இனம்தான். அதற்காக வீட்டு மீட்டரின் பட்டையைத் தயிரில் தோய்க்க வேண்டாம். அது இரத்தத்திலுள்ள குளுக்கோஸுக்கானது, லாக்டோஸை அறியாது. லாக்டோஸை அளக்க, முதலில் பீட்டா காலக்டோசிடேஸ் நொதியால் அதைப் பிளக்க வேண்டும்.

இக்கருவியும் குறையற்றதல்ல. வெப்பத்தில் நொதி கெடும். அளவறிந்த கரைசலைக் கொண்டு அடிக்கடி சரிபார்க்க வேண்டும். பல்காரிகஸ் பாக்டீரியா உண்டாக்கும் டி வகை லாக்டேட்டை இந்த நொதி தொடுவதில்லை. அத்தகைய தயிரில் அளவு குறைத்தே காட்டும். இப்போதைக்கு இது ஆய்வுக்கூடத்துக்கே ஏற்றது.

சிறு உற்பத்தியாளருக்குக் காஸ்டிக் சோடா சோதனையே போதும். அமிலம் 0.7 சதவீதத்தை நெருங்கும்போதே தயிரைக் குளிர்விக்க வேண்டும். கரைசல் கையில் படக்கூடாது. சோதித்த தயிரைக் கொட்டிவிட வேண்டும்.